லேப் கோட் ரிவ்யூ: கடைக் கோட், ஆன்லைன் 'லேடீஸ் ஃபிட்', தையல்கடைக் கோட்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். கடையில் யூனிசெக்ஸ் என்று தரும் டெரிகாட்டன் லேப் கோட்டுக்கு ஐந்துக்கு ஒன்றரை. ஆன்லைனில் லேடீஸ் ஃபிட் என்று விற்கும் கோட்டுக்கு இரண்டு. அளவு கொடுத்துத் தைத்துக்கொண்ட காட்டன் கோட்டுக்கு நாலரை. கூடவே வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை பற்றியும் எழுதியிருக்கிறேன், அதில்தான் கோபம் அதிகம்.

நான் கெமிஸ்ட்ரி ஆள். ஆர்கானிக்கில் பிஎச்.டி. முடித்துவிட்டு இப்போது சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு பிராக்டிகல் நடத்துவதும், லேபுக்குச் சாமான் வாங்க இண்டென்ட் எழுதுவதும் என் தலையில்தான். உயரம் ஐந்தடி ஒன்று. உயரத்தை எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை வருஷத்தில் லேபில் எனக்குக் கிடைத்த கோட்டெல்லாம் என்னைவிட அரையடி உயரமான, தோள் அகன்ற, இடுப்பு ஒடுங்கிய ஒருவருக்காக வெட்டியவை. அந்த ஒருவர் யாரென்று உங்களுக்கே தெரியும்.

பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போனால் கண்ணாடிச் சாமான், கெமிக்கல், சர்ஜிகல் என்று கடைகள் இருக்கும். கல்லூரிகளுக்கு மொத்தமாக சப்ளை செய்கிற ஒரு கடையில் முதல் கோட்டை வாங்கினேன், 380 ரூபாய். "36 சைஸ் இருக்காண்ணா?" என்று கேட்டதற்கு, "38ல இருந்துதான் மேடம் ஸ்டாக். யூனிசெக்ஸ்தான், லேடீஸ் ஜென்ட்ஸ் எல்லாருக்கும் ஆகும். எல்லா காலேஜுக்கும் இதுதான் போகுது" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்கிற ஆள் இருந்தால்தானே வாங்கி வைப்பார். ஆனால் ஆள் இல்லையா என்ன? 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க அறிவியல் படிப்புகளில் இருந்தவர்கள் 57.2 லட்சம் பேர். அதில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். வகுப்பில் பாதிக்கு மேல் நாம்தான். கோட் மட்டும் இன்னும் ஆம்பளை அளவில் வருகிறது.

போட்டுப் பார்த்தால் தெரியும். தோள் தையல் தோளில் நிற்காமல் மேல்கைக்கு இறங்கிவிடுகிறது. கை, விரல் நுனி வரைக்கும் வருகிறது. இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டால் போச்சு என்பீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், ஆபத்தே அந்த மடிப்பில்தான். கை நீட்டும்போது பீக்கர் விளிம்பில் மாட்டும். சிந்திய ஆசிட் துளி மடிப்புக்குள் தங்கி மெதுவாக மணிக்கட்டில் ஊறும். கையுறையை அதற்கு மேல் இழுத்துவிடவும் முடியாது. தோள் வழிகிறதே என்று ஒரு சைஸ் குறைத்தால் இடுப்பில் பிடிக்கும், ஸ்டூலில் உட்கார்ந்ததும் கடைசி இரண்டு பட்டன் பிய்த்துக்கொண்டு திறக்கும், தொடைக்கு மறைப்பே இருக்காது. பேன்ட் பாக்கெட்டில் கைவிட வசதியாகப் பக்கவாட்டில் ஒரு கீறல் வேறு வைத்திருக்கிறார்கள். சுடிதார்காரிக்கு அது எதற்கு? சிந்துவது நேராக உள்ளே போக ஒரு வழி, அவ்வளவுதான்.

துப்பட்டா என்று ஒன்று இருப்பதே இந்தக் கோட்டை வெட்டியவருக்குத் தெரியாது. நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவி துப்பட்டா போட்டே ஆக வேண்டும், ஆசிரியை சேலைதான் கட்ட வேண்டும், எழுதாத சட்டம். பன்சன் பர்னருக்குப் பக்கத்தில் தொங்குகிற துணி கூடாது என்பதோ லேபின் எழுதிய சட்டம். ரெண்டையும் ஒரே உடம்பு காப்பாற்ற வேண்டும். பிள்ளைகள் துப்பட்டாவை 'வி' மாதிரி மடித்துப் பின் குத்தி மேலே கோட்டை இழுத்துப் பூட்டுகிறார்கள், அதற்கு மார்பில் கொஞ்சம் இடம் வேண்டும், இந்தக் கோட்டில் அது கிடையாது. சேலைக்கு மேல் போட்டால் கொசுவம் இருக்கும் இடத்தில் கோட் பிளந்து நிற்கும். (பூ வைத்துக்கொண்டு லேபுக்கு வருவது வேறு பஞ்சாயத்து. டிஷ்யூ கல்ச்சர் பக்கம், அதாவது கிருமி படாமல் குடுவையில் திசு வளர்க்கும் வேலை செய்யும் தோழி ஒருத்தி, மல்லிகை வாசம் வந்தாலே ஆளை வெளியே அனுப்பிவிடுவாள், பூஞ்சை வந்துவிடுமாம். அதில் அவள் பக்கம்தான் நியாயம்.)

அளவைவிட மோசம், துணி. டெரிகாட்டன் என்றால் பாலியெஸ்டர் கலந்தது. சுருங்காது, இஸ்திரி வேண்டாம், பளிச்சென்று இருக்கும், எல்லாம் சரி. தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வாங்குமுன் உள்தையலில் ஒரு நூலை உருவி, வெளியே வந்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு கறுப்பு மணியாக உருளும். அமெரிக்காவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஷேரி சாங்ஜி என்ற 23 வயது ஆராய்ச்சி உதவியாளருக்கு நடந்தது கெமிஸ்ட்ரிகாரர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். 2008 டிசம்பர் 29 அன்று, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் டெர்ஷியரி பியூட்டைல் லித்தியத்தைச் சிரிஞ்சில் இழுக்கும்போது பிளஞ்சர் கழன்றுவிட்டது. அவர் மேல் கோட் இல்லை, செயற்கை இழை ஸ்வெட்டர்தான் இருந்தது. ஜனவரி 16ஆம் தேதி இறந்துபோனார். அது சைஸ் பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. தோலுக்கு மேல் எந்தத் துணி இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன். சாதா காட்டனும் எரியத்தான் செய்யும், உருகாது, அதுதான் வித்தியாசம். அந்த மாதிரி ரசாயனங்களோடு வேலை என்றால் நோமெக்ஸ் போலத் தீப்பிடிக்காத துணியில் கேளுங்கள், உங்கள் ஆராய்ச்சி கைடு வாங்கித் தரட்டும்.

அடுத்து ஆன்லைன் கோட். லேடீஸ் ஃபிட், ப்ரீமியம், 1,150 ரூபாய். படத்தில் மாடல் கையில் நீலத் தண்ணீர் நிரப்பிய குடுவையோடு சிரிக்கிறார், கண்ணாடியும் இல்லை, கையுறையும் இல்லை, முடியை வேறு விரித்துப் போட்டிருக்கிறார். அப்போதே சந்தேகம் வந்தது. தோள் சரியாக உட்கார்ந்தது, அதற்காக ஒரு மதிப்பெண். மற்றதெல்லாம் அழகுக்கு. இடுப்பைப் பிடித்து டார்ட் போட்டிருக்கிறார்கள், கழுத்து இறங்கி 'வி' வடிவத்தில் திறந்து கிடக்கிறது, கை முக்கால் நீளம். மார்பும் மணிக்கட்டும் திறந்த கோட்டை வைத்துக்கொண்டு, கடும் ஆசிட் ஊற்றிச் செய்யும் நைட்ரேஷனைச் செய்ய முடியுமா? பாக்கெட்டில் ஒரு ஸ்பேச்சுலாவும் மார்க்கர் பேனாவும் சேர்ந்து நிற்காது, ஆம்பளைக் கோட்டில் ஒரு ரெக்கார்டு நோட்டே போகும். துணியோ பாலியெஸ்டரில் ஸ்பான்டெக்ஸ் கலந்தது, எரிவதைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. ஓ.பி.யில் உட்கார்ந்து நோயாளி பார்க்கும் டாக்டருக்குப் போதுமாக இருக்கலாம், லேபுக்கு ஆகாது. பெண் என்று தனியாக யோசித்தவர்கள், அவள் அங்கே என்ன வேலை செய்வாள் என்று யோசிக்கவில்லை.

கண்ணாடிக்கு வருவோம். ஸ்டோரில் கொடுக்கிற சாதா பாதுகாப்புக் கண்ணாடி என் மூக்கில் நிற்காது, குனிந்தால் நழுவி ஃபில்டர் பேப்பரில் விழும். கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அதை அடிக்கடி மேலே தள்ளிவிடுகிறோம், எதால்? கையுறை போட்ட அதே கையால். இதில் ஒரு உருப்படியான தகவல்: அமெரிக்கத் தரப்படி வரும் கண்ணாடிகளில் 'இசட்87' என்று பொறித்திருக்கும், கூடவே 'எச்' என்ற எழுத்தும் இருந்தால் சிறிய தலைக்குச் செய்தது என்று அர்த்தம். அப்படி ஒன்றைத் தேடி வாங்கினேன், விலை சாதாவைவிட நாலு மடங்கு, ஆனால் போட்டதையே மறந்துவிடுகிறேன். பின்னல் போட்டிருப்பவர்களுக்குப் பட்டை வைத்த காகிள்ஸ் நல்லது, பட்டை பின்னலுக்கு மேலே நிற்கும். கொண்டை என்றால் கொஞ்சம் அவஸ்தை.

கையுறை. லேப் ஸ்டோர்களில் 'எம்', 'எல்' பெட்டிகள்தான் அடுக்கியிருக்கும். எனக்கு 'எக்ஸ்எஸ்' வேண்டும். 'எம்' போட்டால் ஒவ்வொரு விரல் நுனியிலும் அரை அங்குலம் காற்று. சின்னக் கண்ணாடிக் குப்பியின் மூடியைத் திருகினால் ரப்பர்தான் திருகும், மூடி திருகாது. கலவையைப் பிரித்துப் பார்க்கும் டிஎல்சி பிளேட்டில் புள்ளி வைக்கிற, நூல் மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாயான கேபிலரியைப் பிடித்துப் பாருங்கள், அப்போது தெரியும். கடைசியில் என்ன ஆகும்? "ஒரு நிமிஷ வேலைதானே" என்று கையுறையைக் கழற்றிவிட்டுச் செய்வோம், உடனே யாராவது "இந்தப் பொண்ணுங்களுக்கு சேஃப்டி சென்ஸே இல்ல" என்பார்கள்.

கையுறை என்றாலே எனக்கு கேரன் வெட்டர்ஹான் ஞாபகம்தான். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியர், நச்சு உலோகங்களில் பெரிய ஆள். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மம் சில துளிகள் அவருடைய லேடெக்ஸ் கையுறையில் விழுந்தன. அன்றைய விதிப்படி எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார், நச்சுப் புகையை வெளியே இழுத்துவிடும் கூண்டான ஃபியூம் ஹூடுக்குள்தான் வேலை. அந்தத் திரவம் லேடெக்ஸை 15 விநாடிக்குள் ஊடுருவிவிடும் என்பது பிறகு சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 1997 ஜூனில் இறந்தார், வயது 48. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதரசத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 1990இலேயே அந்தக் கல்லூரியில் அறிவியலில் பெண்களுக்கான திட்டம் ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர், முதலாண்டு மாணவிகளை நேராக ஆராய்ச்சி லேபுக்குள் கொண்டுபோய் வேலை பழக்கிய திட்டம் அது. பெண்ணை லேபுக்குள் கொண்டுவரவும் பாடுபட்டார், லேபுக்குள் கையில் என்ன போட வேண்டும் என்ற விதியும் அவர் சாவால் மாறியது. இப்போது அந்த வகைப் பொருள்களுக்குப் பல அடுக்கு பிளாஸ்டிக் படலக் கையுறை போட்டு, அதன் மேல் இன்னொரு கனமான கையுறை போடச் சொல்கிறார்கள். அந்தப் படலக் கையுறை என் கையில் பாலித்தீன் பை மாதிரி ஆடும் என்பது தனிக்கதை.

"வெளிநாட்டிலெல்லாம் இப்படி இல்லை" என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் நாசா கதையைச் சொல்லிவிடுகிறேன். 2019 மார்ச்சில் ஆன் மெக்லெய்ன், கிறிஸ்டினா கோக் என்ற இரண்டு பெண்கள் சேர்ந்து விண்வெளி நிலையத்துக்கு வெளியே நடக்கப்போகிறார்கள், ஆண் இல்லாமல் நடக்கும் முதல் நடை என்று ஊரெல்லாம் பேச்சு. விண்வெளி உடையில் மார்புப் பகுதி மட்டும் கெட்டியான ஓடு, அது மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ் என்றுதான் இருந்தது, ஸ்மால் கிடையாது. மெக்லெய்ன் அதற்கு முன் வேறொரு நடைக்குப் போய்வந்த பிறகுதான் தனக்கு மீடியம்தான் சரி என்று சொன்னார். இருவருக்கும் மீடியம். நிலையத்தில் இரண்டாவது மீடியம் இருந்தது, ஆனால் தயார் நிலையில் இல்லை, தயார் செய்ய பல மணி நேரம் ஆகும். அதனால் அவர் விலகிக்கொண்டு, கோக்கோடு நிக் ஹேக் போனார். அந்த வருஷம் அக்டோபர் 18ஆம் தேதிதான் கோக்கும் ஜெசிகா மேயரும் சேர்ந்து போனார்கள். மெக்லெய்ன் செய்தது சரி என்றுதான் நான் சொல்வேன். பொருந்தாத உடையில் சரித்திரம் படைக்க வேண்டாம் என்று முடிவெடுக்க தைரியம் வேண்டும். ஆனால் அவ்வளவு பணம் புழங்கும் இடத்திலேயே அலமாரியில் சின்ன சைஸ் இல்லை என்றால், நம்மூர் ஸ்டோர் கீப்பர் அண்ணனை நான் என்ன கேட்பது.

கர்ப்பிணிகளுக்கான லேப் கோட் வேண்டும் என்று கடைகளில் விசாரித்தேன், சிரித்தார்கள். ரிசர்ச் ஸ்காலர் ஒருத்தி ஆறாம் மாதம் வரை 44 சைஸ் ஆம்பளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையை நாலு மடிப்பு மடித்து, காலம் தள்ளினாள். வயிறு முன்னால் இருப்பதால் ஃபியூம் ஹூடுக்குள் கை எட்டாது, எட்டிப் பிடித்தால் தலை உள்ளே போகும். கோட்டைவிடப் பெரிய பிரச்சினை, கர்ப்பம் என்று கைடிடம் சொல்வதற்கே அவளுக்குப் பயம். டிஎம்எஃப் கரைப்பான் கருவுக்கு ஆகாது என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும், நாங்கள் அதைத் தண்ணீர் மாதிரி பயன்படுத்துகிறோம். யுஜிசி விதியில் பிஎச்.டி. காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருஷ அவகாசமும் உண்டு. கேட்டு வாங்குங்கள், சலுகை கேட்கிற மாதிரி கூச்சப்படாதீர்கள். அறிவியல் படிப்புகளில் இத்தனை பெண்கள் இருந்தும், 2018 கணக்குப்படி நாட்டில் ஆராய்ச்சிப் பணியில் நேரடியாக இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. நடுவில் உதிர்ந்தவர்கள் எல்லோரும் கோட்டால் உதிரவில்லை. ஆனால் இங்கே உன்னை எதிர்பார்க்கவில்லை என்று தினமும் காலையில் ஒரு கோட் சொல்லிக்கொண்டே இருந்தால் அதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கத்தான் செய்யும்.

கடைக்காரர், கம்பெனி எல்லோரையும் திட்டிவிட்டு உண்மையான இடத்தை விட்டுவிடக் கூடாது. கல்லூரியில் எப்படி வாங்குகிறோம்? இண்டென்டில் "லேப் கோட், வெள்ளை, 60" என்று ஒரு வரி. சைஸுக்குக் கட்டமே கிடையாது. மூன்று கொட்டேஷன், குறைந்த விலைக்காரர் எல்1, ஆர்டர் அவருக்கு. அவருக்கு 40, 42 தைப்பது லாபம், மிஞ்சினால் வேறு கல்லூரிக்குத் தள்ளலாம். துறைக் கூட்டத்தில் சைஸ் கட்டம் போடலாம் என்று சொன்னபோது, "இதெல்லாம் ஒரு விஷயமா மேடம், மடிச்சு விட்டுக்கலாமே" என்றார் ஒரு சார். அவருக்கு மடிக்கத் தேவையில்லை, அதனால் தெரியவில்லை. மத்திய அரசின் அறிவியல் துறை 2020இல் 'கதி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது, பிரிட்டனில் 2005இல் வந்த அதீனா ஸ்வான் மாதிரி, கல்வி நிறுவனங்கள் பாலினச் சமத்துவத்தில் எங்கே நிற்கின்றன என்று மதிப்பிட. நல்லதுதான். எத்தனை பெண் பேராசிரியர், எந்தக் கமிட்டியில் எத்தனை பெண்கள் என்று எண்ணுகிறவர்கள், போகிற போக்கில் ஸ்டோர் ரூம் அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்த்தால் பாதி ரிப்போர்ட் அங்கேயே எழுதிவிடலாம். எங்கள் இண்டென்டில் இப்போது சைஸ் கட்டம் வந்துவிட்டது, கையுறைக்கும் 'எஸ்', 'எக்ஸ்எஸ்' தனித்தனியாக. கோட் இன்னும் எல்1தான், துணி இன்னும் டெரிகாட்டன்தான். சண்டை தொடர்கிறது.

சரி, நாலரை வாங்கிய கோட். கோடவுன் தெருவில் வெள்ளைக் காட்டன் ட்ரில் எடுத்து, கல்லூரிக்குப் பின்னால் உள்ள தையல்கடையில் கொடுத்தேன். அவர் பள்ளிச் சீருடை தைக்கிறவர், வயதானவர். கடைக் கோட்டைக் காட்டியதும் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ஆம்பளை சட்டையை இழுத்து நீட்டுன மாதிரில்ல இருக்கு" என்றார். நான் கேட்டவை இவைதான்: தோள் என் தோளில் நிற்க வேண்டும், கை மணிக்கட்டில் முடிந்து உள்ளே நிட் பட்டை வைத்துப் பிடிக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே அகலம் விட வேண்டும், கழுத்து மேலே வரை மூட வேண்டும், பக்கக் கீறல் கூடாது, பாக்கெட் பெரிதாக. பட்டனுக்குப் பதில் டிச் பட்டன், ஏதாவது கொட்டினால் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று நாலு விரல் ஏறி மூடும்படி அவராகவே வைத்தார், சேலைக்கும் அது பிளக்கவில்லை. துணியும் கூலியும் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் நாள் போட்டுக்கொண்டு, கலவையைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாயான 'காலம்' (column) ஏற்றினேன், ஒருமுறைகூடக் கையை மடிக்கவில்லை.

அரை மதிப்பெண் குறைத்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பக்கத்து மேஜை சார் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு இலவசமாக வாங்கிய கோட் அவருக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது, நான் என் கைக்காசில் தைத்துக்கொள்கிறேன். இந்த 900 ரூபாயை யாரிடம் பில் போட்டு வாங்குவது?

தையல்கடைக்குப் போகிறவர்களுக்கு: துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகு வெட்டச் சொல்லுங்கள், ட்ரில் முதல் துவைப்பில் சுருங்கும். அளவு கொடுக்கும்போது லேபுக்குப் போடுகிற உடையிலேயே போங்கள், சேலை என்றால் சேலை. வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். மே, ஜூன் மாதம் போகாதீர்கள், பள்ளிச் சீருடைக் கூட்டத்தில் உங்கள் கோட் ஆகஸ்டில்தான் கைக்கு வரும்.